தொடுவாய்க்கு வந்த சுயாதீனம்

நாயாற்று மரியநேசனுக்குப் பஸ்ஸில் ஏறினால் தலைசுற்றிச் சத்தி வரும். இந்த ஒரு தகுதியினால்தான் அவர் சுயாதீன ஆணைக்குழு ஒன்றின் உறுப்பினர் ஆனார்.

ஆற்றுத் தண்ணீர் தேங்குகிற களப்பும் கடலும் சந்திக்கிற இடத்துக்கு அந்த நாயாற்றுக் கரையில் தொடுவாய் என்று பெயர். கோடையில் கடல் மணலை அள்ளிப்போட்டு அதை மூடிவிடும். மாரியில் களப்பு நிரம்பும்போது சனங்கள் மண்வெட்டியோடு போய் அந்த மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். தண்ணீர் கடலுக்குப் போகும், வீடும் வயலும் தப்பும். இப்படி ஒரு வேலை யாரிடமும் கேட்காமல், ஒரு படிவம்கூட நிரப்பாமல், பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஒழுங்காக நடந்துவருகிறது என்ற சேதி எப்படியோ கொழும்புக்குப் போய்விட்டது. அங்கே அதைத் தாங்க முடியவில்லை. உடனே அரசாங்க வர்த்தமானியில் ‘சுயாதீன தொடுவாய் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு’ பிறந்தது. அதன் அனுமதி இல்லாமல் தொடுவாயில் ஒரு சிரட்டை மணலை அள்ளினாலும் குற்றம்.

ஆணைக்குழுவுக்கு ஐந்து உறுப்பினர்கள். ஐவரையும் நியமிப்பவர் ஜனாதிபதி, வேண்டாமென்றால் நீக்குபவரும் அவரே. ஐவரில் ஒருவர் ‘எந்தவொரு அரசியல் கூட்டத்திலும் ஒருபோதும் கலந்துகொள்ளாத கடற்றொழிலாளி’யாக இருக்கவேண்டும் என்று சட்டம் சொன்னது. கிராம சேவகர் தேடி அலுத்துப்போனார். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சியும் பஸ் விடும், சோற்றுப் பார்சல் கொடுக்கும், சனமும் ஊர் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்று ஏறிப் போய்வரும். மரியநேசனை மட்டும் ஒரு கட்சியும் ஏற்றுவதில்லை. மூன்றாம் மைல்கட்டை தாண்டுவதற்குள் பக்கத்து ஆளின் மடியில் சத்தி எடுத்துவிடுவார். கிராம சேவகர் ‘இவர் பூரண சுயாதீனமானவர்’ என்று எழுதி முத்திரை குத்தினார்.

நியமனக் கடிதத்தை மனைவி நிறஞ்சனா உரத்து வாசித்தாள். “‘தாங்கள் மூன்று வருட காலத்துக்குச் சுயாதீனமானவராக நியமிக்கப்படுகிறீர்கள். இக்காலப்பகுதியில் எக்காரணமும் கூறாது, எவ்வேளையிலும், தங்களை நீக்கும் உரிமை மேதகு ஜனாதிபதிக்கு உண்டு. எனவே தாங்கள் அச்சமின்றிச் செயற்படல் வேண்டும்.’”

அவள் கடிதத்தை மடித்தாள். “பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லியே பயமுறுத்தியிருக்கினம்.”

“நான் மாட்டன் எண்டு எழுதிவிடட்டோ?”

“ஏன் மாட்டன் எண்டுறியள்? போன மாரியிலை என்ரை குசினிக்கை, அடுப்படியிலை, முழங்கால் மட்டும் தண்ணி நிண்டது. இந்த முறை தண்ணி வீட்டுக்கை வர முந்தி வெட்டுவிச்சுப் போடுங்கோ. அதுக்குத்தானே உங்களைப் போட்டிருக்கினம்.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. களப்போரப் பள்ளத்தில் முப்பத்தெட்டு வீடுகள். யுத்தம் முடிந்து மீள்குடியேற்றத்தின்போது கட்டிக்கொடுத்தவை. இடம் தெரிவுசெய்த பொறியியலாளர் ஓர் ஆவணி மாதத்தில் வந்து, புழுதி பறக்கிறதைப் பார்த்து, நல்ல மேடான நிலம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். தொடுவாய் உரிய நாளில் வெட்டுப்படாவிட்டால் முப்பத்தெட்டுக் குடும்பமும் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடவேண்டும். நிறஞ்சனா பள்ளிக்கூடச் சட்டை தைத்துக் கொடுக்கிறவள். அவளுடைய தையல் மெசின் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய சாமான் அல்ல.

பக்கத்து வளவுச் செபமாலை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எழுபது வயது, தனிக்கட்டை, நெஞ்சில் இழுப்பு, துணைக்கு இரண்டு ஆடு. “என்னவாம் மரியநேசன், தொடுவாய்க்கு உன்னைப் பெரியவன் ஆக்கிப்போட்டினமோ?”

“சுயாதீனமாம் அண்ணை.”

“அது நல்ல சாமானோ?”

“இன்னும் குடுக்கேல்லை. பயிற்சி முடியத்தான் தருவினமாம்.”

பயிற்சி வவுனியாவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. நெடுங்கேணியில் ஒருமுறையும் புளியங்குளத்தில் ஒருமுறையும் சத்தி எடுத்துக்கொண்டு மரியநேசன் போய்ச் சேர்ந்தார். இரண்டு நாளும் ‘பிறரின் செல்வாக்குக்கு உட்படாது சிந்தித்தல்’ என்ற பாடம் நடந்தது. பாடம் நடத்தியவர் ஒவ்வொரு வசனத்தையும் சொல்லி, எல்லோரையும் சேர்ந்து திருப்பிச் சொல்லவைத்தார். முடிவில் ‘சுயாதீனம் – முதலாம் படி’ என்ற சான்றிதழ் கிடைத்தது. இரண்டாம் படி எப்போது என்று மரியநேசன் கேட்டார். முதலாம் படியில் வந்தவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் என்றார்கள்.

ஆணைக்குழுவின் காரியாலயம் முல்லைத்தீவு நகரத்தில், வாடகைக்கு எடுத்த ஒரு மாடி வீட்டில் இருந்தது. மேல் அறையில் நீட்டு மேசையும் ஐந்து கதிரைகளும். அறைக்கு வெளியே ஒரு பல்கணி, அதில் நின்றால் கடல் தெரியும். தலைவர் பரமநாயகம் ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர். எத்தனையோ அரசாங்கங்கள் மாறியும் அவருக்குக் கீழே இருந்த கதிரை மாறியதில்லை என்று அவரே பெருமையாகச் சொல்லுவார். அடுத்த உறுப்பினர் விமலேஸ்வரி, முன்னாள் கல்வி அதிகாரி, இது அவாவின் நான்காவது ஆணைக்குழு. மூன்றாமவர் நளீர், இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்து திரும்பிவந்து, காடு மூடிக்கிடந்த தகப்பனின் வயலை வெட்டித் திருத்தி விதைக்கிறவர். நான்காவது மரியநேசன்.

ஐந்தாவது கதிரை வெறுமையாக இருந்தது. அதற்குரியவரை ஜனாதிபதி இன்னும் நியமிக்கவில்லை. அந்த மூலையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் தலைவர் தன்னுடைய போனை அந்தக் கதிரையில் வைத்தார். விழுந்துவிடாமல் இருக்க அதற்கு ஒரு தலையணையும் கொடுத்திருந்தார்.

முதற்கூட்டத்தில் அவர் எழுந்து நின்று உரை நிகழ்த்தினார்.

“நாங்கள் ஒருவருக்கும் தலைவணங்கத் தேவையில்லை. இதனை உங்களுக்கு அறிவிக்கும்படி இன்று காலை மேலிடத்திலிருந்து எனக்குப் பணிப்பு வந்தது. நான் தலைவணங்கி ஏற்றுக்கொண்டேன். எமது முடிவுகளில் மேதகு ஜனாதிபதி அவர்கள் ஒருபோதும் தலையிடமாட்டார். தலையிட வேண்டிய சிரமத்தை அவருக்குக் கொடுக்காமல் நடந்துகொள்வதே எமது கடமை. முடிவெடுப்பது நாங்கள். எந்த முடிவு என்பதை மட்டும் மேலிடம் சொல்லும். இரண்டையும் நாங்களே செய்தால் அதற்குப் பெயர் சுயாதீனம் அல்ல, பேராசை.”

விமலேஸ்வரி கை தட்டினா. மற்ற இருவரும் தட்டினார்கள். செயலாளர் கௌசலா ‘கரகோஷம்’ என்று எழுதிக்கொண்டாள். அவள் எழுதுகிற பெண். நடந்தது எதையும் விடாமல், நடந்த நேரத்தோடு எழுதுவாள்.

கார்த்திகை பிறந்தது. மழையும் பிறந்தது. களப்பு மெல்ல மெல்ல ஏறி ரோட்டோரப் பூவரச மரங்களின் அடியைத் தொட்டது. நளீரின் வயலுக்குள் தண்ணீர் நின்றது.

இந்த இடத்தில் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொடுவாயை வெட்டுவதா, களப்புக்குள் இறால் இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று பொறுப்பதா என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் கூடித்தான் தீர்மானிப்பார்கள். கை உயர்த்துவது கிடையாது. உயர்த்திய கையைப் பிறகு இல்லையென்று சொல்லலாம். ஆகவே வெட்டவேண்டும் என்கிறவர்கள் எழும்பிக் கடல் பக்கமாகப் போய் நிற்பார்கள். வேண்டாம் என்கிறவர்கள் களப்புப் பக்கமாக நிற்பார்கள். யார் எங்கே நின்றார்கள் என்பதை ஊரே பார்க்கும், பிறகு பேச்சு மாற ஏலாது. மரியநேசன் ஐம்பத்துநாலு வயது வரை வேறு விதமாக ஒரு தீர்மானம் எடுக்கப்பட்டதைப் பார்த்ததில்லை.

தொடுவாய் வெட்டும் விசயம் கூட்டத்துக்கு வந்தது ஒரு புதன்கிழமை பின்னேரம்.

“பயிர் அழுகத் தொடங்கிட்டுது சேர்,” என்றார் நளீர். “ரெண்டு மூண்டு நாளைக்குள்ள வெட்டாட்டி இந்த வருஷப் போகம் இல்லை.”

“முப்பத்தெட்டு வீடு சேர்,” என்றார் மரியநேசன். “படிக்கட்டுக்குத் தண்ணி வந்திட்டுது.”

தலைவர் ஐந்தாவது கதிரையைப் பார்த்தார். போன் தலையணையில் சும்மா கிடந்தது. “மேலிடத்துக்கு மூண்டு தரம் அறிவிச்சிட்டன். இன்னும் ஒண்டும் வரேல்லை. அவையள் சொல்லாமல் நாங்கள் சுயாதீனமாகச் செயற்படுறது எப்பிடி?”

“மேடம் என்ன சொல்லுறியள்?” என்று நளீர் கேட்டார்.

“பெரும்பான்மை எந்தப் பக்கம் எண்டு தெரிஞ்சால் நான் சுயாதீனமாய் அந்தப் பக்கம் வருவன்,” என்றா விமலேஸ்வரி.

தலைவர் பெருமூச்சு விட்டார். “சரி, உத்தரவு வரும்வரை, கொள்கையளவிலை மட்டும், ஒருக்கால் பாத்து வைப்பம். தொடுவாயை வெட்டலாம் எண்டு நினைக்கிறவை...”

அவர் வசனத்தை முடிக்கவில்லை. மரியநேசன் எழும்பினார். கதிரையைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளினார். நேரே நடந்து, கதவைத் திறந்து, பல்கணிக்குப் போய், கடலைப் பார்த்தபடி நின்றார். தான் எந்தப் பக்கம் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று நெஞ்சை நிமிர்த்தியும் நின்றார்.

அதே நேரம் ஐந்தாவது கதிரையில் போன் அடித்தது. தலைவர் துள்ளி எழுந்து, சேர்ட்டின் மேல்பொத்தானைப் பூட்டிக்கொண்டு எடுத்தார்.

“ஓம் சேர். வெட்டலாமோ சேர்? நல்லது சேர். இப்பவே ஏகமனதாக... ஐயோ சேர், ஒரு சின்னப் பிரச்சினை. ஒருத்தர் வெளிநடப்புச் செய்திட்டார் சேர். இப்பதான் சேர். ஓம், கதவைத் திறந்துகொண்டு. இல்லைச் சேர், ஒண்டும் சொல்லேல்லை, மௌனமாக. ஓம் சேர், அது இன்னும் மோசம்தான் சேர்.”

கௌசலா எழுதினாள்: ‘பி.ப. 3.42. உறுப்பினர் மரியநேசன் வெளிநடப்பு.’

கூட்டம் செல்லுபடியாவதற்கான கோரத்துக்கு நான்கு பேர் வேண்டும். ஐந்தாவது கதிரையில் போன்தான் இருந்தது, அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று சட்டத்தில் இல்லை. எனவே கூட்டம் செல்லாது, எனவே தீர்மானமும் இல்லை. மரியநேசன் உள்ளே வந்தபோது தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். நளீர் வழக்கத்தை விளக்கினார். மரியநேசனும் விளக்கினார். தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

“எனக்கு விளங்குது. கௌசலா, எழுதியாச்சோ?”

“எழுதிட்டன் சேர். பேனையாலை.”

“அப்ப சரி. பென்சிலாலை எழுதியிருந்தால் உண்மை என்ன எண்டு பாத்திருக்கலாம்.”

கூட்டக் குறிப்பைத் திருத்துவதானால் அடுத்த கூட்டத்தில்தான் திருத்தலாம். கூட்டம் கூடக் கோரம் வேண்டும். கோரத்துக்கு மரியநேசன் வேண்டும். மரியநேசனோ, மேலிடம் அவருடைய விளக்கத்தை ஏற்கும்வரை இடைநிறுத்தப்பட்டிருந்தார். இந்த வளையத்துக்கு எங்கே முனை என்று நளீர் கேட்டார். வளையத்துக்கு முனை இல்லாததுதான் அதன் பலம் என்று தலைவர் பதில் சொன்னார்.

மறுநாள் ஊருக்குள் ஒரு வாகனம் வந்து நின்றது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் இறங்கி, சர்வாதிகாரத்தை எதிர்த்து வெளிநடந்த தீரர் என்று சொல்லி மரியநேசனுக்குச் சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டு போனார். “நான் வெளியிலை போகேல்லை ஐயா, கடல் பக்கம்தான் போனனான்,” என்று மரியநேசன் சொன்னது படத்தில் விழவில்லை. படம் பத்திரிகையில் வந்ததும் மேலிடம் மேலும் சூடாகியது. செபமாலை பத்திரிகையைப் பார்த்துவிட்டு, சால்வை ஈரம் உறிஞ்சுமோ என்று கேட்டார்.

மரியநேசன் விளக்கக் கடிதம் எழுதினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. ‘தாங்கள் சென்ற திசையில் கடல் அமைந்திருந்தது என்பதை உறுதிப்படுத்தும் அத்தாட்சிப் பத்திரத்தைச் சமர்ப்பிக்கவும்.’ கிராம சேவகர் இதற்கும் சளைக்கவில்லை. ‘மேற்படி கடலை நான் பதினொரு வருடமாக அறிவேன். அது கிழக்குப் பக்கத்தில் நிரந்தரமாக வசித்து வருகிறது. நன்னடத்தை உடையது’ என்று எழுதிக் கொடுத்தார். படிவத்தில் வேறு விதமாக எழுத இடமில்லை. பத்திரம் கொழும்புக்குப் போயிற்று. தண்ணீர் நிறஞ்சனாவின் இரண்டாவது படிக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. முற்றத்தில் நின்ற சனம் முழுவதும் கடல் பக்கமாகப் போய் நின்றது. களப்புப் பக்கம் ஒரு நாய்தான் நின்றது, அதுவும் கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அன்று மத்தியானமே மண்வெட்டிகளோடு போனார்கள். நளீர் வயல்காரர் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“நீ ஆணைக்குழு ஆள், நீ தொடாதை,” என்றார் செபமாலை.

“என்னை இடைநிறுத்தியாச்சு அண்ணை,” என்று சொல்லி மரியநேசன் மண்வெட்டியை ஓங்கினார். பல நாளைக்குப் பிறகு அவருக்குச் சந்தோசமாக இருந்தது.

நான்கு மணித்தியாலத்தில் தொடுவாய் திறந்துகொண்டது. களப்புத் தண்ணீர் மண்ணிறமாகப் பாய்ந்து கடலில் விழுந்தது. செவ்வாய்க்கிழமை நிறஞ்சனாவின் படிகள் இரண்டும் வெளியே தெரிந்தன. அவள் அவற்றைத் தேய்த்துக் கழுவினாள்.

புதன்கிழமை மண் அள்ளுகிற பெக்கோ இயந்திரம் ஒன்று வந்தது. அதற்குப் பின்னால் தலைவரின் பஜிரோ ஜீப். தலைவர் சிரித்த முகத்தோடு இறங்கினார்.

“நல்ல செய்தி. மேலிடம் அனுமதி தந்திட்டுது. வாற சனிக்கிழமை, மார்கழி ஆறாந் திகதி, காலமை பத்து மணி பன்னிரண்டு நிமிசத்துக்குச் சுபநேரம். ஜனாதிபதியின்ரை பிரதிநிதி வந்து தொடுவாயைத் திறந்து வைப்பார்.”

“அது திறந்தாச்சுச் சேர்,” என்றார் மரியநேசன்.

“அதுதான் பிரச்சினை. திறந்து கிடக்கிறதை எப்பிடித் திறக்கிறது? அதுக்குத்தான் பெக்கோ கொண்டுவந்தனான். மூடிப்போட்டுத் திறப்பம்.”

நளீருக்குக் கோபம் வந்தது. “சேர், தாழமுக்கம் வருதெண்டு றேடியோவில சொல்றாங்க. இப்ப மூடினா ஊர் அமிழ்ந்து போகும். நாங்க செஞ்சதில என்ன பிழை?”

“பிழையே இல்லை. நீங்கள் செய்தது சரியான வேலை. சரியான நேரத்திலையும் செய்திருக்கிறியள். ஆனால் உங்களுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள நாங்கள் செய்யேல்லை. இந்த வித்தியாசத்தைக் காப்பாத்திறதுக்குத்தான் சட்டம் இருக்குது.” அவர் மரியநேசனின் தோளில் கை வைத்தார். “உங்கடை விளக்கத்தை ஏற்றுக்கொண்டாச்சு. இண்டையிலை இருந்து நீங்கள் திரும்பவும் சுயாதீனம். மூடுறதுக்கு ஒரு கையெழுத்து வேணும்.”

“போடமாட்டன்.”

“போடாமல் விடலாம், அதுக்கு உங்களுக்குப் பூரண சுதந்திரம் இருக்குது. போட்டதாகத்தான் எழுதப்படும்.”

கௌசலா எழுதினாள். முதல் தடவையாக, நடக்காத ஒன்றை. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

பெக்கோ பின்னேரம் வரை வேலை செய்தது. இரண்டு நாள் அலை கொண்டுவந்து போட்ட மணலும் அதற்குக் கைகொடுத்தது. சூரியன் சாயுமுன் தொடுவாய் முன்பு இருந்ததைவிட உறுதியாக மூடப்பட்டுவிட்டது. மேலே சமப்படுத்திப் பந்தல் போட்டார்கள். நடுவில் ஒரு றிபன் கட்டினார்கள். மண்ணில் ஊன்றுவதற்காக வெள்ளிப்பூச்சுப் பூசிய மண்வெட்டி ஒன்று பெட்டியில் வந்தது.

வியாழக்கிழமை தாழமுக்கமும் வந்தது. மாங்குளத்தில் பெய்தது, ஒட்டுசுட்டானில் பெய்தது, அங்கே பெய்தது எல்லாம் ஆறாக நாயாற்றுக்கு வந்தது. றிபனைக் காவல்காக்க நின்ற மூன்று பொலிஸ்காரர் மண்வெட்டியோடு ஒருவரையும் கிட்ட விடவில்லை. வெள்ளி மத்தியானம் தண்ணீர் நிறஞ்சனாவின் குசினிக்குள் வந்தது, பிறகு அறைக்குள், பிறகு கட்டிலுக்கு மேலே. மரியநேசனும் அவளும் தையல் மெசினை மேசைக்கு மேலே தூக்கி வைத்தார்கள். மேசை மிதந்து சரிந்தது. மெசின் தண்ணீருக்குள் போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. “கையெழுத்துப் போட்டதாக எழுதிப்போட்டினம், என்ன?” என்று மட்டும் கேட்டாள். மரியநேசனால் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாழ்நாளில் அவர் ஒருவரையும் அந்தத் தலைவரை வெறுத்ததுபோல வெறுத்ததில்லை.

முப்பத்தெட்டுக் குடும்பமும் வள்ளங்களில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. செபமாலையை மரியநேசன் தோளில் தூக்கிவந்தார். ஆடுகளை அவிழ்க்கத் திரும்பிப் போனபோது கொட்டில் இருந்த இடத்தில் தண்ணீர்தான் ஓடியது. ஈரச் சீமெந்தில் படுத்திருந்த செபமாலைக்கு இழுப்பு எழும்பியது. “றிபன் நனைஞ்சு போச்சோ, சுகமாய் இருக்கோ?” என்று இடையிடையே விசாரித்தார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பஜிரோ வந்தது. ஜனாதிபதியின் பிரதிநிதி காலநிலையைக் காரணம் காட்டி முல்லைத்தீவிலேயே நின்றுவிட்டார். ஆனால் நிகழ்வை ஒத்திவைக்கும் அதிகாரம் மேலிடத்துக்கு மட்டுமே உண்டு, மேலிடம் போனை எடுக்கவில்லை, எனவே தலைவர் வந்தாக வேண்டியிருந்தது. நாயாற்றுப் பாலத்துக்கு முன்னால் பஜிரோ தண்ணீருக்குள் ஓய்ந்துபோய் நின்றது. மரியநேசன் கம்பு ஊன்றி வள்ளத்தைத் தாங்கிக்கொண்டு போனார். முதலில் விமலேஸ்வரியையும் கௌசலாவையும் ஏற்றினார். தலைவர் இடுப்பளவு தண்ணீரில், ஒரு கையில் கோப்புக்கட்டையும் மறுகையில் போனையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

“மரியநேசன், உடனை தொடுவாயை வெட்டுங்கோ.”

“பத்துப் பன்னிரண்டு ஆகேல்லையே சேர்.”

“நேரத்தை விடுங்கோ.”

“மேலிடம்?”

“சிக்னல் இல்லை. ஆரைக் கேக்கிறது? நான் சொல்லுறன், வெட்டுங்கோ. தண்ணி ஏறுது.”

நளீரும் வயல்காரரும் ஏற்கெனவே மணல்திட்டில் மண்வெட்டிகளோடு நின்றார்கள். பந்தல் எப்போதோ கடலுக்குள் போய்விட்டது. பொலிஸ்காரர் மூவரும் காவல்காப்பதற்கு ஒன்றும் மிஞ்சாததால் தாங்களும் வெட்டினார்கள். ஆணைக்குழு பிறந்ததிலிருந்து எடுத்த முதலாவது சுயாதீனமான தீர்மானம் இதுதான். அது தலைவரின் இடுப்புப்பட்டிக்குத் தண்ணீர் வந்தபோது எடுக்கப்பட்டது.

ஒரு கிழமைக்குப் பிறகு தலைவர் காய்ந்துவிட்டார். பதிவுத் தபாலில் மரியநேசனுக்கு ஒரு விசாரணைப் படிவம் வந்தது. ‘மேலிடத்தின் அங்கீகாரமின்றித் தொடுவாயை வெட்டுமாறு வாய்மொழி உத்தரவு பிறப்பித்தவர் யார்? பெயர், பதவி என்பவற்றைப் பதினான்கு நாட்களுக்குள் அறியத்தரவும்.’ கீழே தலைவர் பரமநாயகத்தின் கையெழுத்து.

மரியநேசன் படிவத்தை மூன்று முறை வாசித்தார். எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று கேட்கிற ஒரு வரியை அதில் தேடினார். அப்படி ஒரு வரி இல்லை.

“ஆரின்ரை பேரை எழுதுறது?” என்று அவர் கேட்டார். நிறஞ்சனா வேலியில் பாயைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“தண்ணி எண்டு எழுதுங்கோ. அதுதானே அவரைச் சொல்ல வைச்சது.”

அப்படியே எழுதினார். பெயர்: தண்ணீர். பதவி: எல்லாருக்கும் மேலே. பிறகு படிவத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் முப்பத்தெட்டுக் குடும்பத்தின் பெயரையும், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தண்ணீர் கொண்டுபோனதையும் வரிசையாக எழுதினார். நிறஞ்சனா, தையல் மெசின். கிறிஸ்ரி, வலை மூன்று. அழகம்மா, விதைநெல், பிள்ளைகளின் கொப்பி புத்தகம். செபமாலை, இரண்டு ஆடு. எழுதி முடிக்க இரண்டு மணித்தியாலம் பிடித்தது.

தை பிறந்து சில நாளில் படிவம் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம்.

‘தங்கள் பதில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. உத்தரவு பிறப்பித்தவர் தண்ணீர் எனப் பதியப்பட்டு, மேற்படி தண்ணீரின் நடவடிக்கைக்கு மேதகு ஜனாதிபதி அவர்களின் அங்கீகாரம் முன்திகதியிட்டுப் பெறப்பட்டுள்ளது. எனினும், படிவத்தின் பின்பக்கம் வெறுமையாக இருத்தல் வேண்டும். அதில் எழுதப்பட்டுள்ளவற்றை அழித்து, மீள அனுப்பிவைக்கவும்.’

மரியநேசன் பேனையை எடுத்துக்கொண்டு வெளிவாசலில் குந்தினார். பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒன்றையும் அழிக்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் ஒரு திருத்தம் செய்யவேண்டியிருந்தது. முந்தாநாள்தான் அடக்கம் நடந்தது. ‘செபமாலை, இரண்டு ஆடு’ என்று இருந்ததற்குப் பக்கத்தில் ‘அவரும்’ என்று எழுதி, படிவத்தை உறையில் போட்டு ஒட்டினார்.